ஒன்பதாம் கணு

பதினான்கு பெட்டிகள்.
சாப்பாட்டு டப்பா அளவுதான்.
எர்ணாவூர்க் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி மேல் ஒன்று,
மணலிச் சாலைப் பஞ்சர் கடைக் கூரையில் ஒன்று,
காட்டுக்குப்பத்தில் வலை காயும் கம்பத்தில் ஒன்று,
மீதியெல்லாம் கழிமுகத்தை ஒட்டி,
இறால் பிடிப்பவர்கள் கைகாட்டிய இடங்களில்.
கணு என்று கோப்பில் பெயர். கரும்புக்குச் சொல்வதுதான்.

பத்து நிமிடத்துக்கொரு தரம் விழி,
காற்றை மோந்து பார்,
ஓர் எண்ணைச் சொல்,
தூங்கு.
பேட்டரி மூன்று மாதம் வரவேண்டும்.
தூரத்துக் கணுவின் குரல் எனக்கு எட்டாது;
பக்கத்தது வாங்கி அடுத்ததிடம் தரும்,
தண்ணி லாரியில் குடம் கைமாறுகிற மாதிரி.
சிந்துவதும் உண்டு.

அதற்காகத்தான் முப்பத்தெட்டாம் வரி:
அக்கம்பக்கம் சொல்லாததை
ஒன்று மட்டும் சொன்னால்
பிழையெனக் கொள், கழித்துவிடு.
நல்ல வரி. எழுதிய அன்று
எனக்கு நானே ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

செவ்வாய் காலை ஆறு மணிக்கு தேசப்பன் போன்.
"இன்னாம்மா, உன் பொட்டி நைட்டு இன்னா சொல்ச்சி?"
திரையைப் பார்த்தேன். பச்சை.
விடிய விடியப் பச்சை.
"ஒண்ணும் இல்லண்ணா."
"ஒண்ணும் இல்லியா?
ரெண்டு மணிக்கு புள்ளைங்கள தூக்கினு
கேட்டாண்ட போய் குந்தினோம்.
மூக்குல ஈரத்துணி."

வடிகட்டாத பதிவைத் திறந்தேன்.
1.50 — கணு 9 — 31.4
2.00 — கணு 9 — 36.0
2.10 — கணு 9 —
அப்படியே ஏழு தரம்.
தூங்கி எழுந்து, தூங்கி எழுந்து
சொல்லியிருக்கிறது.
காற்று அன்றைக்கு ஒரே சந்தில் நுழைந்து
அதே சந்தில் உட்கார்ந்திருக்கிறது.
ஏழு தரமும் என் வரி
அதைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தது.

முப்பத்தெட்டாம் வரி இப்போது:
ஒன்று மட்டும் சொன்னால்
மற்றவற்றைத் தட்டி எழுப்பிக் கேள்.
அதற்கு அவை அரைத்தூக்கத்தில் கிடக்க வேண்டும்,
அந்தத் தெரு கிடப்பதுபோல.
காக்கை கொத்தினாலும் இனி சிவப்பு வரும்.
பஞ்சர் கடை வாசலில் லாரி உறுமினாலும் வரும்.

பேட்டரி மூன்று மாதம் தாங்காது, ஒன்றரைதான்;
பதினான்கையும் அடிக்கடி ஏறி மாற்றணும் என்றேன்.
"ஏணி என்னாண்ட கீது" என்றார் தேசப்பன்.