கருப்புப் பை

ஏழு வண்டிகள். முதலாவதில் நான்.
பின்னால் ஆறிலும் விடுமுறைக்காரர்கள்,
டயர் ஆணிகள் உறைபனியைக் கொறிக்கும் சத்தத்தைச்
சாகசம் என்று நம்பிப் பணம் கட்டியவர்கள்.
எனக்கு அது சம்பளத்தின் சத்தம்.

காலையிலேயே சொல்லியிருந்தேன்
(காலை என்பது கடிகாரத்தில் மட்டும்.
நவம்பர் கடைசியில் போன சூரியன்
பொங்கல் தேதியை ஒட்டித்தான் திரும்பும்):
முன்வண்டியின் சிவப்பு விளக்கை விடாதீர்கள்.
எஞ்சினை அணைக்காதீர்கள்.
சாலையோரக் கழியில் கருப்புப் பை கட்டியிருந்தால்
நடைவேகத்துக்கு இறங்குங்கள்,
பக்கத்தில் பனிமான்கள் நிற்கின்றன.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
போலந்துப் பல்மருத்துவர் எழுதிக்கூட வைத்துக்கொண்டார்.

கரஸ்யோக் தாண்டி நாற்பதாவது கிலோமீட்டரில்
ரேடியோ கரகரத்தது.
"நான்காம் வண்டி. எதையோ..."
அப்புறம் வெறும் மூச்சு.

திருப்பிக்கொண்டு வந்தேன்.
ஃப்ரீஸ்லாந்து வீப்ரன், கணக்காளர்,
கையுறை இல்லாமல் முட்டி போட்டிருந்தார்.
அவர் முன்னால் பனிமான்
ஓடிக்கொண்டிருந்த அதே நிலையில் சாய்ந்து கிடந்தது.
கொஞ்ச நேரம் மூக்கில் ஆவி வந்தது.
பிறகு வரவில்லை.

"பையைப் பார்த்தேன்," என்றார்.
"பார்த்தேன். குப்பை என்று நினைத்துவிட்டேன்."

காலையில் அவரும் தலையாட்டியவர்தான்.
நான் அதைச் சொல்லவில்லை.

மைனஸ் முப்பத்து நான்கில்
அரைமணி நேரம் மிக நீளம்.
போர்ச்சுகல் சகோதரிகள் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு
வண்டி வண்டியாகக் காப்பி ஊற்றிப் போனார்கள்,
இழவு வீட்டில் போல,
யார் முகத்தையும் பார்க்காமல்.

இஸ்ஸாத் ஸ்கூட்டரில் வந்தான்.
பல்லால் கையுறையை உருவினான்.
டார்ச் நீட்டினேன், வேண்டாம் என்றான்.
காதை இரண்டு விரலுக்கிடையில் பிடித்து
இருட்டிலேயே தடவிப் படித்தான்:
மேல் விளிம்பில் ஒரு வெட்டு,
நுனியில் ஒரு பிளவு.
"என்னுடையது இல்லை. அக்காவுடையது."

ராவ்னாவுக்குப் போன் போட்டான்.
அவர்கள் சாமி மொழி எனக்குப் பாதிதான் புரியும்.
அவள் கேட்டது ஒன்றே ஒன்று:
பெட்டையா?
ஆமாம்.
அப்புறம் இரண்டு பக்கமும் பேச்சில்லை,
இணைப்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
மே மாதம் ஈன்றிருக்கும்.
இதை நான் வீப்ரனுக்கு மொழிபெயர்க்கவில்லை.

அவர் பர்ஸைத் திறந்தார்.
எவ்வளவு என்றார். பிறகு, தடுமாறி,
உங்களிடம் மொத்தம் எத்தனை என்றார்.
தோளைத் தொட்டு நிறுத்தினேன்.
இங்கே அதைக் கேட்பது
வங்கிப் புத்தகத்தைக் காட்டு என்பது மாதிரி.
அதாவது புரிந்தது கணக்காளருக்கு.

இஸ்ஸாத் கோபப்படவில்லை.
கோபப்பட அவனுக்கு நேரமில்லை.
ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து
ஒரு சுருள் கருப்புப் பை எடுத்து நீட்டினான்.
"வளைவு வரைக்கும். ஒன்று விட்டு ஒரு கழி.
மிச்ச மந்தை இன்னும் கடக்கவில்லை.
விளக்கை எல்லாம் அணைக்கச் சொல்."

அணைத்தோம். ஏழு வண்டிகளும்.
உறைந்த மலைச்சரிவு
ஒரு நிமிடம் கழித்துத்தான் கண்ணுக்கு வந்தது, நீலமாக.
வீப்ரன் கழிக்குக் கழி நடந்தார்.
மூன்றாவதில் விரல் கேட்கவில்லை,
முடிச்சைப் பல்லால் இறுக்கினார்.

அப்போது வந்தன.
பார்த்தேன் என்று சொல்ல முடியாது.
நடக்கும்போது அவற்றின் கணுக்காலில்
நரம்பு சொடுக்கும்.
நூற்றுக்கணக்கில் அந்தச் சொடக்கு,
இருட்டில் யாரோ ஒருவர்
எண்ணி முடியாத விரல்களை
ஒவ்வொன்றாய் மடக்குவது போல.
எங்களுக்கிடையில் நடந்தன,
பம்பரை முகர்ந்தன, போயின.

லக்செல்வ் வரை இன்னும் முப்பது கிலோமீட்டர்.
யாரும் வானத்தைப் படம் எடுக்கவில்லை,
பச்சை ஒளி அது பாட்டுக்கு மேலே அசைந்தது.
ரேடியோவில் ஒரே குரல்:
நான்காம் வண்டி. கருப்புப் பை.
நான்காம் வண்டி. இடதுபுறம், கருப்புப் பை.

கடற்கரை நெருங்கும்போது மறுபடி சொன்னார்.
என் விளக்கில் தெரிந்தது:
மீன் கிடங்கு வேலிக் கம்பியில்
காற்று கொண்டுவந்து மாட்டிய கிழிசல்,
சுத்தமான குப்பை.

நான் பிரேக்கை மிதித்தேன்.
எனக்குப் பின்னால் ஆறு வண்டிகளும்
நடைவேகத்துக்கு இறங்கி
அதைக் கடந்து வந்தன.