பதிமூன்றாம் பக்கம்

நாகலூர் தொடக்கப்பள்ளி பீரோவுக்கு
இதுவரை ஒரே உறுப்பினர்
வெள்ளிப்பூச்சி.

மார்கழி மூடுபனி விலகிய பத்து மணி வெயிலில்
புத்தகங்களைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன்.
கரடிக் கதையில்
பதிமூன்று, பதினான்கைக் காணோம்.
பன்னிரண்டில் கரடி மரத்தடியில் நிற்கிறது.
பதினைந்தில் அழுகிறது.

"நடுவுல என்ன டீச்சர்?"
"எனக்கும் தெரியாது."

தேனீ கொட்டிருச்சு என்றான் சேர்வராயன்.
பசி என்றாள் ஜெனிட்டா.
மூன்றாம் வகுப்பில் வாயே திறக்காத சடைச்சி
தாள் வாங்கி எழுதி, மடித்துக் கொடுத்தாள்:
அம்மா காப்பி பறிக்கப் போயிருச்சு.

ஒன்பது தாளையும் சோற்றுப்பசையில் ஒட்டினேன்.
இருப்புப் பதிவேட்டில் பக்கம் இருபத்து நான்கு.
எண்ணினால் முப்பத்தொன்று.
தணிக்கைக்கு வருகிறவருக்குப் பதில் யோசிக்கணும்.
அதற்குள் சடைச்சி,
"வேற எந்த புக்குல டீச்சர் ஓட்டை?"