மூடி

தார்த்து நகரில் சனவரி.
மாரிகா ஒரு வரியின் பாதியில் இருக்கையில்
மடிக்கணினி தூங்கிவிட்டது.
இன்றைக்கு நான்காம் முறை.

எழுப்பிப் பதிவேட்டைப் பார்த்தால்
'மூடி சாத்தப்பட்டது' என்கிறது கெர்னல்.
யார் சாத்தியது?
மூக்குக்கு நேரே திறந்தே நிற்கிறது மூடி.

மூன்று நாள் தேடியும் நிரலில் குற்றமில்லை.
ஒவ்வொரு சாதனமாய் அணைத்து
நினைவகத்துக்கு மட்டும்
சொட்டு மின்சாரம் விட்டு
ஒழுங்காகத்தான் உறங்கப் போகிறது.

விறைத்த இடக்கையைப்
பலகையோரம் சாய்த்தாள்.
இருண்டது திரை.

மணிக்கட்டில் காப்பு.
அதன் கொக்கியில் உளுந்தளவு காந்தம்.
சென்சாருக்குக் காந்தம் என்றால் மூடி,
வேறு மூடி அது கண்டதில்லை.

கழற்றிச் சன்னலோரம் வைத்து
விசையைத் தட்டினாள்.
கடிகாரச் சில்லிடம்
மணி மட்டும் கேட்டுக்கொண்டு
பாதிச் சொல்லருகே
துடித்தது கர்சர்.

சொல்லை முடிக்காமல்
காப்பை வலக்கைக்கு மாற்றிப் பார்க்கிறாள்.