இரண்டு புயலுக்கு நடுவே

செவ்வாய்க்கிழமைப் புயல் போய்விட்டது.
அடுத்தது வெள்ளி இரவு என்கிறது வானொலி.
நடுவில் எங்களுக்கு ஒன்றரை நாள்,
இரண்டு மண்வெட்டி, ஒரு ரம்பம்,
அய்பெரியின் குடுவையில் உப்புப் போட்ட தேநீர்.

கீழே ஜிர்கலானின் கரிப்புகை
எழ மனமில்லாமல் பள்ளத்தாக்கில் படுத்திருக்கிறது.

வடக்குப் பார்த்த சரிவு. முப்பத்தாறு பாகை.
இடுப்பளவு தோண்டி, தோளளவு தோண்டி,
செத்த புல் தெரியும்வரை தோண்டினோம்.
வெட்டிய சுவரைக் கையுறையால் நீவினேன்.
பருவம் முழுக்க வரிவரியாக நின்றது.
மேலே செவ்வாயின் பனி, முஷ்டியே உள்ளே போகும்.
அதன் கீழே காற்று அடித்து இறுக்கிய பலகை,
பென்சில்தான் இறங்கும்.
அதற்கும் கீழே நூலளவு
ஒரு சாம்பல் கோடு.

ஜனவரியில் பத்து இரவு வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்ததே,
எல்லோரும் வெளியே நின்று நட்சத்திரம் பார்த்தோமே,
அப்போது பூத்தது இது.
இறகு இறகாக. அழகாகத்தான் இருந்தது.
நான்கூடப் படம் எடுத்தேன்.

அடியில் சர்க்கரை.
ஒரு பிடி அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகுகிறது,
ஒன்றையொன்று தெரியாத பரல்கள்.
இதன்மேல்தான் இந்த வருடம்
மலை உட்கார்ந்திருக்கிறது.

தூணை அறுத்து, மண்வெட்டியை மேலே வைத்து,
மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு. ஒன்றுமில்லை.
முழங்கையிலிருந்து பதினொன்று, பன்னிரண்டு,
அய்பெரி மூச்சைப் பிடித்திருக்கிறாள்,
பதின்மூன்று:
இழுப்பறை திறப்பதுபோல்
பலகை முழுசாக என் மடிக்கு வந்தது.

நாற்பதடி தள்ளி இன்னொரு குழி.
அங்கே முப்பது தட்டுக்கும் அசையவில்லை.
தோள் வலித்ததுதான் மிச்சம்.

கராகோலிலிருந்து வந்த மூவரும் முகட்டில் காத்திருந்தார்கள்.
தெமிர்லான் கோலை நீட்டிக் காட்டினான்:
"அதோ, நேற்றே யாரோ இறங்கியிருக்கிறார்களே."
உண்மைதான். சரிவின் நடுவே ஒற்றைத் தடம்,
வளைந்து வளைந்து ஓடைவரை
நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.
போனவரிடம் மலை ஒன்றும் சொல்லவில்லை.
மௌனம் சம்மதம் என்பதெல்லாம்
கல்யாண வீட்டோடு சரி.

"இன்றைக்கு வேண்டாம்" என்றேன்.
அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
மூன்று மணி நேரம் ஏறியவன் முகம்.

திரும்பும்போது, சமதரையில்,
காலடியில் ஒரு செருமல்.
யாரோ நிலத்துக்கடியில்
பெரிய கதவொன்றைச் சாத்தியதுபோல்.
பனி விரற்கடை அளவு இறங்கி நின்றது.
ஐந்து பேரும் நின்றோம்.
தெமிர்லான் அதன்பின்
தேவதாருக்களுக்குள் சுற்றிப்போகும் நீள வழியைக் கேட்காமலே பிடித்தான்.

இரவு அறிக்கையில் திசை, உயரம், பதின்மூன்று, முப்பது.
'எவ்வளவு நிச்சயம்' என்ற கட்டத்தில்
'தெரியவில்லை' என்று எழுதினேன்.
அய்பெரி படித்தாள். அடிக்கவில்லை.
முன்னால் 'அபாயம் அதிகம்' என்று சேர்த்தாள்.

சனிக்கிழமை விடிந்தபோது சரிவு அப்படியே இருந்தது.
சரியவில்லை.
தடம் மூடிவிட்டது, எங்கள் குழிகளும்.
நாங்கள் சொன்னது சரியா தப்பா என்று கேட்க
அங்கே எதுவும் இல்லை,
புதிதாக அறுபது சென்டிமீட்டர் தவிர.

அய்பெரி ரம்பத்தின் பல்லைத் துடைக்கிறாள்.
இன்னும் தூறிக்கொண்டிருக்கிறது.