நாற்பத்தேழாம் பத்தி

குடிநீர் அத்தியாயம் என் பங்குக்கு வந்தது.
கல்விக்கு இருவர், வீட்டுவசதிக்கு ஒருவர்.
பண்பாட்டுக்கு ஆளில்லை,
அதையும் நீயே பார்த்துக்கொள் என்றார்கள்.
லா பாஸ், ஆறாவது மாடி.
ஜன்னலுக்கு வெளியே கேபிள் கார்கள்
சத்தமில்லாமல் ஆட்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தன.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை
ஜெனீவாவுக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டும்:
வேலை, சோறு, கூரை, மருந்து, பேசும் மொழி,
இவற்றில் ஜனங்களுக்குச் சேரவேண்டியது சேர்ந்ததா என்று.
சென்ற முறை அனுப்பியதைத் திறந்தேன்.
நாற்பத்தேழாம் பத்தி:
"மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்குக் குடிநீர்
படிப்படியாக வழங்கப்பட்டு வருகிறது."
அதற்கு முந்தையதிலும் இதே வரி,
இதே எண்.
படியெடுத்ததன் படி.

கருத்துக்கேட்புக் கூட்டம் ஒரு பள்ளி மைதானத்தில்.
பிளாஸ்டிக் நாற்காலிகள் காற்றில் நகர்ந்தன.
கட்டட வேலைக்காரர்களுக்கு சூப் விற்கும்
பாசிலியா தார்க்கி எழுந்து
அய்மாராவில் பேசினாள்.
மொழிபெயர்ப்பாளர் இன்று வரவில்லை, மன்னிக்கவும் என்றது மேடை.
அவள் நிறுத்தவில்லை.
குறிப்பேட்டில் எழுதினேன்:
"ஒரு பெண்மணி தன் கருத்தைத் தெரிவித்தார்."

எனக்குப் புரிந்தது.
என் அம்மா என்னைத் திட்டிய மொழி அது.
வேலை விண்ணப்பத்தில்
தாய்மொழி என்ற கட்டத்தில் ஸ்பானிஷ் என்று போட்டவன் நான்.
கையைத் தூக்கியிருக்கலாம்.
பேனாவைத்தான் மூடினேன்.

அவள் சொன்னது இதுதான்:
"என் வாசலுக்கு இருநூற்றுப் பதினான்கு படி.
தண்ணீர் லாரி அடியிலேயே நின்றுவிடும்.
நடைக்கு இரண்டு கேன், நாளைக்கு நாலு நடை.
நீங்கள் எழுதியதை மகன் படித்துக் காட்டினான்.
படிப்படியாக வழங்குகிறீர்களாம்.
வழங்குவது நானல்லவா?"

சனிக்கிழமை போனேன்.
யாரும் அனுப்பவில்லை.
அவள் எதுவும் கேட்காமல்
ஒரு கேனை என் கையில் திணித்தாள்.
தொண்ணூறாவது படியில் நெஞ்சு அடைத்தது.
ஒரு சிறுவன், தோளில் பந்தும் கையில் வாளியுமாக,
என்னைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனான்.
எண்ணியதில் நான் மூன்று படி தவறவிட்டேன்.
அவள் தவறவில்லை.

திங்களன்று வரியை மாற்றினேன்:
"படிகள் இருநூற்றுப் பதினான்கு. குழாய் இல்லை."
இயக்குநர் ரெங்கேல் அடித்துவிட்டார்.
கெட்டவர் அல்ல, அவர் வீட்டிலும்
ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வராது.
"ஒப்பந்தத்தில் இருக்கும் வார்த்தை, தம்பி.
ஒப்பந்தப்படி படிப்படியாக என்றால் போதும்.
அரசாங்கம் படியை எண்ணாது."

ஜெனீவாவில் ஒருவர்
கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டாராம்:
எந்தத் தேதிக்குள்?
எழுத்தில் பதில் தருகிறோம் என்றது நம் குழு.
அந்தப் பதிலை எழுத என்னிடமே வந்தது.
மூன்று இரவு எழுதினேன்.
போனது ஒன்றரை வரி.

பிறகு குழாய் வந்தது.
அந்தக் கேள்வியாலா, தேர்தலாலா,
மேட்டுக்குடியிருப்புப் பெண்கள் இரண்டு நாள்
காலி வாளிகளோடு சாலையில் உட்கார்ந்ததாலா,
யார் கண்டது.
நூற்று நாற்பதாம் படியில் இரும்பு முடிந்தது.
பணம் அதுவரைதான் என்றார் மேஸ்திரி.
பாசிலியா முதல் நாள் அதைத் திறந்து
மூடி, திறந்து, மூடி,
சூடாக இருந்த பானைக்கு ஓடினாள்.

இப்போது அடுத்த அறிக்கைக்கான காலம்.
கூட்டக் குறிப்பில் அந்த "ஒரு பெண்மணி"
இன்னும் அப்படியே இருக்கிறாள்.
நாற்பத்தேழாம் பத்தியை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்,
ரெங்கேல் இன்னும் பார்க்கவில்லை:

நூற்று நாற்பதாம் படி வரை அரசு வழங்குகிறது.
திறந்தால் வருகிறது.
அதற்கு மேல் எழுபத்து நான்கு படிகளுக்கு
பாசிலியா தார்க்கி
வழங்கி வருகிறார்.