தோட்டம் என்று சொல்வதில்லை

தோட்டம் என்றால் இங்கே ஆறாயிரம் ஏக்கர் செம்பனை.
அதனால் என் வீட்டுப் பின்பக்கத்தைச்
செடிப்பக்கம் என்றே சொல்கிறேன்.
பதினான்கடி நீளம், ஒன்பதடி அகலம்,
பிறகு கால்வாய், பிறகு கம்பிவேலி,
வேலிக்கு அந்தப்புறம் மறுபடி தோட்டம்தான்.

நவம்பர் கடைசியில் காற்று திசை மாறியது.
ரயில் பாதைப் பக்கம் போகிற ஆலைப் புகை
என் கொடிக்கயிற்றுக்கு வந்தது.
வானிலை அறிக்கைக்கு ஒருநாள் முன்பே
எண்ணெய் வாடையோடு
தலையணை உறை சொல்லிவிட்டது.

லாபிஸ் கடைத்தெருவில், ஆ லியோங் கடையில்,
நைலான் கயிறு தீர்ந்திருந்தது.
"எல்லாம் கூரை கட்ட வாங்கிட்டான் லா, தங்காச்சி.
நீ என்ன கட்டற?"
பாகற்கொடி என்றேன்.
சிரித்தான். பொட்டலம் கட்டும் ரஃபியா உருண்டையை
எடுத்து நீட்டினான்.
காசு வாங்கவில்லை என்று எழுத ஆசைதான்.
வாங்கினான். மூன்று வெள்ளி.

பந்தலின் நான்கு காலுக்கும்
உரச்சாக்கில் மணல் மூட்டை.
மிளகாயைப் பிஞ்சோடு பறித்தேன்.
பப்பாளியின் இலைகளை வெட்டி மொட்டையாக்கினேன்,
காற்றுக்குப் பிடி கொடுக்கக் கூடாது.
பெயிண்ட் டின்களில் இருந்த கறிவேப்பிலையும் செராயும்
குளியலறைக்குள் வரிசையாக நின்றன.
"அப்போ குளிக்கிறது எங்க?" போனில் ரெங்கையா.
மெர்சிங் பக்கம் சாலை மூடி
லோரியோடு மாட்டிக்கொண்டிருந்தார்.
வெளியே இறங்கி நில்லுங்க, வேண்டிய மட்டும் தண்ணி,
என்றேன்.

ஆலையில் எனக்குத் தராசு மேடை.
லோரி ஏறும், எண் ஒளிரும், சீட்டு எழுதுவேன்.
மழைநாளில் குலைகள் கனத்து வரும்,
கொன்டிராக்டர்கள் ஈரத்துக்கும் காசு கேட்பார்கள்.
எவ்வளவு பழம், எவ்வளவு மழை என்று
பதினோரு வருடமாகக் கண்ணாலேயே பிரிக்கிறேன்.
அந்த வியாழன் இரவு பெய்ததை மட்டும்
நிறுக்கத் தெரியவில்லை.

இரண்டரைக்கு மின்சாரம் போனது.
வேலிக்கு அந்தப்புறம் ஒரு செம்பனை விழுந்தது;
அந்தச் சத்தத்தைப் பாதத்தில்தான் கேட்டேன்.
கால்வாய் திரும்பி ஓடி
அடுக்களையில் கணுக்கால் வரை நின்றது.
குளியலறைக் கதவைத் திறந்தால்
டின்கள் ஒன்றையொன்று இடித்தபடி
மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன.

பந்தல் போய்விட்டது.
மணல் மூட்டைகளோடு, மூன்று வெள்ளிக் கயிற்றோடு,
ஒரு முடிச்சும் அவிழாமல், முழுசாக.

அடுத்த வீட்டுக் கமாரியா எதையும் கட்டவில்லை.
அவருடைய லெங்குவாஸ் நின்ற இடத்திலேயே நின்றது.
என்ன செய்தீங்க கா?
"தூங்கினேன்."

வெள்ளம் தொட்ட கீரையைத் தின்னாதீர்கள் என்று
சுகாதார இலாகா வண்டி கத்திக்கொண்டு போனது.
கங்கோங்குக்கு மலாய் புரியாதோ என்னவோ,
அன்றைக்கே துளிர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை சேறு வழிக்கையில்
வேலிக்கம்பியில் சாய்ந்து ஒரு பிஸ்கட் டின்.
உள்ளே கத்திரிக் கன்று, என்னுடையதல்ல.
கயிறு கிடைக்காத யாரோ
குச்சியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்,
பள்ளிக்கூடப் பிள்ளையின் கழுத்து டையால்.
கருநீலம், இரட்டை முடிச்சு.

வாசற்கம்பியில் அட்டை மாட்டினேன்,
தமிழிலும் மலாயிலும்: கத்திரிச் செடி யாருடையது?
ஒருவர் வந்தார், கேஸ் சிலிண்டரைத் தேடி.
ஒரு சிறுவன் வந்தான், அவனுக்கு வாத்து.
கத்திரிக்கு யாரும் வரவில்லை.

சனவரியில் பூத்தது. பொங்கலுக்குப் பிறகு காய்த்தது.
பறிக்கலாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.
ஐந்தாம் நாள் பறித்து வேலைக்குக் கொண்டுபோய்
லோரி இல்லாத நேரம் பார்த்து
மேடை நடுவில் வைத்தேன்.
சுழியம்.
சீட்டு எழுதவில்லை. மதியம் புளிக்குழம்பு.

அட்டையில் எழுத்து மங்கிவிட்டது, எடுக்கவில்லை.
பிள்ளைக்குப் பள்ளி திறந்துவிட்டிருக்கும்.
டையைத் துவைத்து மடித்து வைக்கலாம்தான்.
அவிழ்த்தால் செடி சாயும்.