ஆறு செக்கன்

ஒருதரம் எழுதினால் போதும்
ரெண்டு போனிலும் ஓடும் என்று சொல்லித்தான்
கிருபைராசா அண்ணனிடம் முற்பணம் வாங்கினேன்.
விலைப்பட்டியல் ஓடியது. தொலைபேசி எண் ஓடியது.
நேரலை என்று வந்ததும்
கழுதை மாதிரி நின்றுவிட்டது.

கண்ணுக்கும் காதுக்கும் பொதுமொழி கிடையாதாம்.
ஆண்ட்ராய்டிடம் அதன் பாஷையில் கேட்க வேண்டும்,
ஐபோனிடம் அதன் பாஷையில்,
நடுவில் ஒரு பாலம் வேண்டும்.

பாலத்துக்கா பஞ்சம்?
யன்னலைத் திறந்தால் கல்லடியில் ரெண்டு கிடக்கிறது,
பழையதும் புதியதும் தோளுரசி.
என் கதையும் அதுதான்:
வழிகாட்டி எழுதப்பட்டது பழைய பாலத்துக்கு,
செயலி ஏறி நிற்பதோ புதியதில்.
இது விளங்க இரவு பதினொன்றாயிற்று.

மொடியூலை நிறுவினேன்.
சிவப்பு எழுத்து.
பதிப்பெண்ணை ஒன்று குறைத்தேன்.
வேறு சிவப்பு எழுத்து.
எல்லாவற்றையும் அழித்து மீண்டும் இறக்கப் போக
பாதியில் டேட்டா தீர்ந்தது.
தங்கச்சி டிலக்சி ஹொட்ஸ்பொட்டைத் திறந்துவிட்டு
"விடியக்குள்ள முடி, மறுகா எனக்கு சூம் வகுப்பு" என்று
படுக்கப் போனாள்.

மூன்றரைக்கு,
சத்தியமாய் நான் ஒன்றையும் மாற்றவில்லை,
மறுபடி ஓட்டினேன்.
ஓடியது.

கமராவை அனுமதிக்கவா?
அனுமதி.

திரையில் ஒரு முகம்,
சவரம் காணாதது, வாய் பிளந்தது, தலைகீழானது.
மூலையில்: பார்ப்பவர் 1.
கடலுக்குப் புறப்பட எழும்பிய கிருபைராசா அண்ணன்
கீழே எழுதுகிறார்:
"தம்பி, வௌவால் மாதிரித் தொங்குற.
சத்தமும் வரல்ல."

தலையை நிமிர்த்த ஒரு வரி போதுமாயிருந்தது.
மைக்குக்கு அனுமதி கேட்கவே மறந்திருக்கிறேன்.
வாவிக்குள்ளே மீன் பாடுது என்று சொல்கிற ஊரில்
காது வைக்காமல் ஒரு செயலி.

ஆறு மணிக்கு டச்பார் கரை.
வலை ஏறிவிட்டது.
அண்ணன் பாரை ஒன்றைச் செவுளில் பிடித்துத் தூக்கி
போனுக்கு நேரே காட்டினார்.
"கண்டிக்காரன் நிக்கானா?"
"நிக்கார். எல்லாமாப் பதினேழு பேர்."

தாமதம் ஆறு செக்கன்.
குறைக்கலாம்,
அதற்கு இன்னோர் இரவு வேண்டும்.

மணலில் போட்ட பாரை
ஒருதரம் புரண்டு அடங்கிவிட்டது.
என் மற்றக் கையிலிருந்த போனில்
அது இன்னும் வாலை அடித்துக்கொண்டிருந்தது.
அதைப் பார்த்துத்தான் கண்டிக்காரர்
நூறு ரூபாய் கூட்டிக் கேட்டார்.